பலூனில் இருந்து குதித்தால் எத்தனை விநாடி கழித்துப் பாராசூட்டை விரிப்பது?

தண்டையார்பேட்டை அலை (செவ்வாய், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை 63 முறை குதித்திருக்கிறேன், எல்லாமே விமானத்தில் இருந்து. துபாயில் வேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்டது. தனியாகக் குதிக்க அனுமதிக்கும் முதல் நிலை உரிமமான ஏ உரிமம் வைத்திருக்கிறேன். இப்போது வேலை முடிந்து தண்டையார்பேட்டை வீட்டுக்கே திரும்பிவிட்டேன். அடுத்த மாதம் பழைய தோழிகளோடு வெளிநாட்டில் ஒரு வெப்பக்காற்றுப் பலூனில் இருந்து குதிக்க இடம் கிடைத்திருக்கிறது.

விமானத்தில் தாழ்ந்த உயரத்தில் இறங்கும்போது கதவை விட்டு வெளியேறுவோம், உடலை நிலைப்படுத்துவோம், மூன்று எண்ணுவோம், பைலட் சூட்டை எறிந்துவிடுவோம். ஒருநாளும் எனக்குக் கோளாறு வந்ததில்லை. ஆனால் பலூன் காற்றோடு காற்றாகவே நகர்கிறது, கூடையில் நிற்பவருக்குக் காற்று வீசுவதே தெரியாது என்கிறார்கள். அங்கேயும் மூன்று எண்ணினால் போதுமா? ஒரு தோழி "உடனே விரித்துவிடு, உயரம் மிச்சமாகும்" என்கிறாள். இன்னொருத்தி "பத்து விநாடி விழு, பிறகு பார்க்கலாம்" என்கிறாள். இருவருமே என்னைவிட அதிகம் குதித்தவர்கள். யாருடைய பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நான்கு நாளாகத் தூக்கம் கெட்டிருக்கிறது.

ராயபுரம் வாசகன் (செவ்வாய், இரவு 10.05)

நான் உயரமான பாலத்தில் நின்றாலே கம்பியைப் பிடித்துக்கொள்பவன். ஆனாலும் இந்தப் பேச்சைத் தொடர்ந்து படிக்கிறேன். பைலட் சூட் என்றால் என்ன என்று யாராவது சொன்னால் என்னைப் போன்றவர்களுக்கும் புரியும்.

மடிப்பவர் (செவ்வாய், இரவு 10.31)

பாராசூட் மடித்துக் கொடுப்பதுதான் என் தொழில், அதனால் நான் சொல்கிறேன். முதுகுப்பைக்குள் பெரிய பாராசூட் ஒரு துணிப்பைக்குள் மடங்கி இருக்கிறது. அதை யாரும் கையால் இழுத்து வெளியே எடுப்பதில்லை. குதிப்பவர் இடுப்புக்குக் கீழே செருகியிருக்கும் ஒரு சின்னக் குடையை உருவிப் பக்கவாட்டில் எறிகிறார். அதுதான் பைலட் சூட். காற்று அதைப் பிடித்து மேலே இழுக்க, அதோடு தைத்திருக்கும் நீண்ட பட்டை முதுகுப்பையின் ஊசியை உருவுகிறது, துணிப்பை கிளம்புகிறது, கயிறுகள் நீள்கின்றன, கடைசியில் பெரிய குடை மலர்கிறது. இத்தனை வேலைக்கும் கூலி கொடுப்பது காற்று ஒன்றுதான். காற்று இல்லையென்றால் பைலட் சூட் வெறும் துணி.

ஆகவே அம்மா, உங்கள் கேள்வியை எத்தனை எண்ணுவது என்று கேட்பதைவிட, எறியும் நேரத்தில் உங்களைச் சுற்றி எவ்வளவு காற்று ஓடுகிறது என்று கேளுங்கள்.

எண்ணூர்க்காரன் (புதன், காலை 6.50)

உடனே விரிக்கச் சொல்லும் தோழியின் பக்கம்தான் நான். உயரம்தான் உயிர். எவ்வளவு சீக்கிரம் விரிக்கிறோமோ அவ்வளவு நேரம் கையில் இருக்கும். ஏதாவது சிக்கல் வந்தால் துணைப் பாராசூட்டுக்குப் போக நேரம் கிடைக்கும். பத்து விநாடி சும்மா விழுவது எதற்கு? நான் குதித்த 40 முறையும் இந்தக் கொள்கைதான்.

வியாசர்பாடி ஆசிரியை (புதன், மாலை 5.20)

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவள், ஒருமுறைகூடக் குதித்தவள் அல்லள். ஆனால் இது கணக்கில் அடங்கும் கேள்வி. மதிய இடைவேளையில் போட்டுப் பார்த்தேன்.

குப்புற விழும் மனிதரின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 195 கிலோமீட்டர். காற்றுத் தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், அசையாத கூடையில் இருந்து விழுபவரின் வேகம் முதல் விநாடி முடிவில் 35 கிலோமீட்டர்தான். இரண்டாவது விநாடியில் 68, மூன்றாவதில் 97, ஐந்தாவதில் 140. குதிப்பவர்களை இறக்கிவிடும் விமானமோ அந்த நேரத்தில் ஏறத்தாழ 90 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அது மணிக்கு 167 கிலோமீட்டர். விமானக் கதவில் காலை எடுத்து வைத்த கணமே உங்களுக்குக் கிடைத்துவிடும் அந்தக் காற்றை, பலூனில் இருந்து விழுபவர் ஏழாவது விநாடியில்தான் பெறுகிறார்.

இன்னும் ஒன்று. காற்று ஒரு துணியை இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மூன்றாவது விநாடியில் விமான வேகத்தில் பாதிக்கு மேல் வந்துவிட்டதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். பைலட் சூட்டுக்குக் கிடைக்கும் இழுவிசை மூன்றில் ஒரு பங்குதான். இரண்டாவது விநாடியில் ஆறில் ஒரு பங்கு.

இப்போது மறுபக்கத்தையும் பார்ப்போம். மூன்று விநாடியில் இழக்கும் உயரம் 140 அடி. ஐந்து விநாடியில் 360. ஏழு விநாடியில் சுமார் 640. பத்து விநாடியில் 1,100 அடியைத் தாண்டிவிடும். ஆக, விமானத்தின் காற்றைப் பலூனில் பெற நீங்கள் கொடுக்க வேண்டிய விலை 640 அடி. அந்த விலையைக் கொடுக்கும் அளவுக்கு உயரம் இருக்கிறதா என்பதுதான் என் மனத்தில் எழுந்த கேள்வி.

எண்ணூர்க்காரன் (புதன், இரவு 8.02)

ஆசிரியை அவர்களே, கணக்கு புரிகிறது. ஆனால் பாலத்தில் இருந்தும் மலையுச்சியில் இருந்தும் குதிப்பவர்கள் ஒரு விநாடியில் விரிக்கிறார்களே? அவர்களும் அசையாத இடத்தில் இருந்துதானே குதிக்கிறார்கள்?

மடிப்பவர் (புதன், இரவு 8.45)

நல்ல கேள்வி தம்பி, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அவர்கள் சுமப்பது வேறு கருவி. நம் பைலட் சூட்டின் விட்டம் ஏறத்தாழ 28 அங்குலம். குறுகிய உயரத்தில் குதிக்கும் அவர்கள் 42 அங்குலம், சில சமயம் 48 அங்குலம் பயன்படுத்துகிறார்கள். 28-க்கும் 42-க்கும் பரப்பில் இரண்டேகால் மடங்கு வித்தியாசம். மெதுவான காற்றிலும் இழுக்கட்டும் என்பதற்காகவே அப்படி. பெரிய குடையை அவர்கள் துணிப்பைக்குள் வைப்பதும் இல்லை. துணைப் பாராசூட்டும் கிடையாது. அந்தக் கருவிக்குப் பொருந்தும் நேரத்தை நம் கருவிக்குக் கடன் வாங்க முடியாது.

கொருக்குப்பேட்டை (புதன், இரவு 11.15)

இதை எழுத வேண்டுமா என்று இரண்டு மணி நேரம் யோசித்தேன். எழுதுகிறேன், தங்கைக்கு உதவும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் பலூனில் இருந்து குதித்தேன். குதிக்கும் முன் எங்களுக்குச் சொல்லப்பட்டது ஒரே வரி: "விமானம் மாதிரிதான், கொஞ்சம் பொறுத்து விரியுங்கள்." அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூடையின் விளிம்பில் இருந்து இரண்டு கால்களாலும் நன்றாக உந்திக் குதித்தேன். அங்கேதான் முதல் தவறு. உந்திய வேகத்தில் உடல் பின்பக்கமாகச் சாயத் தொடங்கியது. விமானத்தில் என்றால் காற்றில் கையை விரித்தால் போதும், நிமிர்ந்துவிடலாம். இங்கே பிடித்துக்கொள்ளக் காற்றே இல்லை. கையை ஆட்டினால் உடல் எதிர்ப்பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். அந்தப் பதற்றத்தில் எறிந்துவிட்டேன்.

பைலட் சூட் மேலே போகவில்லை. என் முழங்காலுக்குப் பக்கத்தில் தொய்ந்து தொங்கியது. பட்டை தொடையை உரசிக்கொண்டு கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன். காலைச் சுற்றியிருந்தால் இன்று இதை எழுதியிருப்பேனா தெரியாது. வேகம் கூடக் கூட அது ஒரு வழியாகக் காற்றைப் பிடித்தது. கயிறுகள் முறுக்கிக்கொண்டு குடை விரிந்தது. உதைத்து உதைத்து முறுக்கைப் பிரித்துத் தரை இறங்கினேன்.

நான் நான்கு எண்ணியதாகவே இன்றைக்கும் என் நினைவு சொல்கிறது. கூடையில் இருந்த நண்பர் எடுத்த வீடியோவில் இரண்டு விநாடிகூட முழுதாக ஆகவில்லை. பயத்தில் எண்ணும் நான்கு, நான்கு அல்ல. வீட்டுக்கு வந்து கடிகாரத்தை வைத்துக்கொண்டு "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று சத்தமாக எண்ணிப் பழகினேன். அப்படி எண்ணினால்தான் ஒரு எண்ணுக்கு ஒரு விநாடி ஆகிறது.

பெரம்பூர் பாரா (வியாழன், காலை 5.30)

தம்பி, எழுதியதற்கு நன்றி. இப்படி ஒளிக்காமல் சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும்.

நான் ஆக்ராவில் பயிற்சி பெற்ற முன்னாள் சிப்பாய். எங்கள் குதிப்பு வேறு வகை. ஸ்டாட்டிக் லைன் என்ற கயிறு விமானத்தில் மாட்டியிருக்கும், நாம் விழும்போது அதுவே குடையை உருவிவிடும். உருவுவதற்கு நம் எடை போதும், காற்று தேவையில்லை. ஆனால் உருவிய குடை மலர்வதற்குக் காற்று வேண்டும். அதனால்தான் எண்ணிக்கை மாறுகிறது. அமெரிக்கத் தரைப்படையில் முன்பு இருந்த டி-10 பாராசூட்டுக்கு, விமானத்தில் இருந்து குதித்தால் நான்கு விநாடி எண்ணிவிட்டு, குடை விரிந்ததா என்று மேலே பார்க்கச் சொன்னார்கள். அதே பாராசூட்டோடு ஹெலிகாப்டரில் இருந்து குதித்தால் ஆறு எண்ணச் சொன்னார்கள். கயிறு இழுத்தும்கூட மெதுவான வாகனத்தில் இரண்டு விநாடி கூடுகிறது என்றால், கையால் எறிபவர் எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

ஹெலிகாப்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது அதைப் பலூனோடு சேர்த்துப் பேசுவார்கள். அசையாமல் நிற்கும் ஹெலிகாப்டரின் கீழே விசிறி தள்ளும் காற்று மேலிருந்து கீழே அடிக்கிறது. அந்தக் காற்றுக்குள் இருக்கும்வரை எதையும் எறியக் கூடாது.

கொளத்தூர் நூலகம் (வியாழன், மதியம் 1.10)

முந்தி விரிப்பது எப்போதும் பாதுகாப்பு என்று எண்ணூர் நண்பர் சொன்னதற்கு ஒரு வரலாற்றுச் சான்று. அமெரிக்க விமானப்படையின் ஜோசப் கிட்டிங்கர் 1960 ஆகஸ்ட் 16 அன்று 1,02,800 அடி உயரத்தில் பலூனில் இருந்து குதித்ததைப் பலரும் அறிவார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1959 நவம்பர் 16 அன்று, 76,400 அடியில் இருந்து அவர் குதித்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அன்று உடலை நிலைப்படுத்த வேண்டிய சின்னப் பாராசூட், அவர் போதிய வேகம் பெறும் முன்பே வெளியே வந்துவிட்டது. இழுக்கக் காற்று இல்லாததால் அது மேலே எழவில்லை, அதன் கயிறு அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. நிமிடத்துக்கு 120 சுற்று வேகத்தில் சுழன்று நினைவிழந்தார். தானாக விரியும் துணைப் பாராசூட் அவரைக் காப்பாற்றியது. அந்த உயரத்தில் காற்று மிக மெலிது என்பது உண்மைதான். ஆனாலும் காரணம் கொருக்குப்பேட்டை அண்ணனுக்கு நேர்ந்ததேதான்.

எண்ணூர்க்காரன் (வியாழன், இரவு 7.25)

ஒப்புக்கொள்கிறேன். 40 முறையும் நான் விமானத்தில் இருந்தே குதித்தேன். அந்தக் காற்றை என் திறமை என்று எண்ணியிருந்தேன்.

இதைப் படித்தபோது எங்களுக்கு வடக்கே நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. 2025 ஆகஸ்ட் 24 அன்று ககன்யான் திட்டத்துக்காக, ஏறத்தாழ ஐந்து டன் எடையுள்ள மாதிரிக் கலத்தை சினூக் ஹெலிகாப்டர் மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப் போய் ஸ்ரீஹரிகோட்டா அருகே கடல் மேல் விட்டது. அதிலும் பெரிய பாராசூட்டுகளை எடுத்த எடுப்பில் விரிக்கவில்லை. சிறியது, அடுத்தது, கடைசியில் 25 மீட்டர் விட்டமுள்ள மூன்று என்று படிப்படியாகத்தான் விரிந்தன. ஐந்து டன் இரும்புக்கே முறை வகுத்து வைத்திருக்கிறார்கள்.

தண்டையார்பேட்டை அலை (வியாழன், இரவு 9.15)

எல்லோருக்கும் நன்றி சொல்லி மாளாது. கொருக்குப்பேட்டை அண்ணா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன்.

இன்று இரவு இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா காசிமேட்டில் முப்பது ஆண்டுகள் படகில் போனவர், குதிப்பதில் அவருக்கு இன்றும் சம்மதம் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காற்றில்லாத நாளில் நீ சின்ன வயதில் எப்படிப் பட்டம் ஏற்றினாய்?" என்று கேட்டார். "நூலைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்" என்றேன். "அப்படியென்றால் அந்த ஏழு விநாடியும் நீ ஓட வேண்டிய ஓட்டம். ஓடும் முன்னே பட்டத்தை விட்டால் அது காலடியில்தான் விழும்" என்றார். இதைவிட நன்றாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

எட்டு எண்ணுவது என்று முடிவு செய்திருக்கிறேன். எந்த உயரம் கேட்பது?

மடிப்பவர் (வியாழன், இரவு 10.00)

அப்பாவுக்கு என் வணக்கம். வீச்சு வலை எறிந்த கைக்கு இது தெரியாமல் இருக்குமா?

உயரத்தைக் கீழிருந்து மேலே கணக்கிடுங்கள். அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் விதிப்படி ஏ உரிமம் உள்ளவர் பையைத் திறக்க வேண்டிய குறைந்தபட்ச உயரம் 3,000 அடி. அதன்மேல் எட்டு விநாடிக்கு சுமார் 800 அடி. உடல் சாய்ந்தால் நிமிர்த்திக்கொள்ள இன்னும் சில நூறு அடி. 4,000-க்குக் கீழே இருந்தால் கூடையை விட்டு இறங்கவே வேண்டாம். 5,000 கேளுங்கள். பலூன்காரர் தர மறுத்தால் அன்றைக்குக் கூடையிலேயே தரையிறங்குங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தாழ்ந்த உயரத்தில் விட்டுவிட்டுப் பொறுத்திருக்கவும் முடியாது, பொறுக்காமல் எறியவும் முடியாது. அந்தப் பொறியில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு ஒரே இடம் தரை, ஏறுவதற்கு முன்பு.

தானியங்கிக் கருவி இருக்கிறதே என்று யாரும் நம்பி இருக்கக் கூடாது. சைப்ரஸ் கருவியின் வழக்கமான அமைப்பில், சுமார் 750 அடியில் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகம் இருந்தால்தான் அது துணைப் பாராசூட்டை விடுவிக்கும். பலூனில் இருந்து விழுபவர் அந்த வேகத்தை எட்ட நான்கு விநாடிக்கு மேல் ஆகும்.

இன்னொன்று, இதைப் பலரும் மறக்கிறார்கள். விமானம் முன்னே போய்க்கொண்டே இருப்பதால் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே தானாகவே தூரம் விழுகிறது. பலூனில் அந்த இடைவெளி இல்லை. எல்லோரும் ஒரே கிணற்றுக்குள் இறங்குவது போல ஒரே செங்குத்துக் கோட்டில் விழுவீர்கள். உங்களுக்கு முன் இறங்கிய தோழியின் குடை விரிந்து, அது உங்கள் கீழிருந்து விலகிப் போவதைக் கண்ணால் பார்த்த பிறகே கையை விடுங்கள். விநாடிக் கணக்கு அங்கே உதவாது. ஒருவர் இறங்கியதும் எடை குறைந்து பலூன் மேலே எழும், அதைப் பலூன்காரர் சமாளிக்கும் வரையிலும் காத்திருங்கள்.

மடிக்கும்போது பைலட் சூட்டின் நடுக்கயிற்றை இழுத்து வைத்திருக்கிறீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். சுருங்கிய நிலையில் அதை எறிந்தால் எட்டு விநாடி அல்ல, எண்பது விநாடி பொறுத்தாலும் இழுக்காது.

பெரம்பூர் பாரா (வெள்ளி, காலை 5.40)

உந்தாதே மகளே. படியில் இருந்து இறங்குவது போல இறங்கு. முகம் தொடுவானத்தைப் பார்க்கட்டும். கால் கீழே, தலை மேலே என்று விழத் தொடங்குவாய், அது சரிதான். கையை ஆட்டித் திருத்தப் பார்க்காதே. காற்று வந்ததும் உடல் தானே குப்புறப் படுக்கும்.

தண்டையார்பேட்டை அலை (ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.30)

குதித்துவிட்டு வந்துவிட்டேன். முதல் நாள் காலை காற்று அதிகம் என்று பலூனையே கிளப்பவில்லை. மறுநாள் கிளம்பினோம். 5,000 அடி வேண்டும் என்று தரையிலேயே சொல்லிவிட்டேன். பலூன்காரர் 5,500 வரை ஏற்றினார்.

முதல் மூன்று விநாடிகளைப் பற்றித்தான் எழுத வேண்டும். சத்தமே இல்லை. தலைக்கு மேலே பலூனின் நெருப்பு சீறுவது தெளிவாகக் கேட்டது. விமானத்தில் ஒருநாளும் வராத ஒன்று வந்தது, வயிறு தொண்டைக்கு ஏறியது. கை கால்களுக்குத் தொட எதுவும் இல்லை. இடது கை தானாகவே அசையப் பார்த்தது, பெரம்பூர் ஐயா சொன்னது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன். "ஆயிரத்து நான்கு" எண்ணும்போது காதோரம் காற்று கேட்கத் தொடங்கியது. ஐந்தில் முன்கைகளில் அழுத்தம் தெரிந்தது. ஆறில் உடல் குப்புறப் படுத்துவிட்டது, நான் எதுவும் செய்யவில்லை. எட்டு முடித்து உயரமானியைப் பார்த்துவிட்டு எறிந்தேன். எறிந்த கையில் இருந்தே பைலட் சூட்டைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனது. வீடியோவில் பார்த்தால் ஏழரை விநாடி.

உடனே விரிக்கச் சொன்ன தோழிக்கு இந்த இழையை முந்தைய நாளே படித்துக் காட்டியிருந்தேன். அவளும் எட்டு எண்ணினாள்.

கொருக்குப்பேட்டை (ஞாயிறு, இரவு 9.10)

படித்து முடித்ததும் கண் கலங்கிவிட்டது தங்கை. மூன்று ஆண்டுகளாகப் பலூன் பக்கம் போகவில்லை நான். இனிப் போகலாம் என்று தோன்றுகிறது. ஒன்று மட்டும் சொல். கூடையின் விளிம்பை எப்படித் தாண்டினாய்? உந்தாமல் எப்படி இறங்குவது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தண்டையார்பேட்டை அலை (ஞாயிறு, இரவு 9.32)

அண்ணா, கூடைக்கு வெளியே கால் வைக்க ஒரு துளை இருந்தது. விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் வெளியே போட்டேன், திரும்பி அந்தத் துளையில் கால் ஊன்றி, கூடையைப் பார்த்தபடி இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே தோழியின் குடை விலகியதைப் பார்த்தேன். பலூன்காரரின் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையசைத்ததும் காலைத் துளையில் இருந்து எடுத்தேன், பிறகு கையை விட்டேன். அவ்வளவுதான், உந்துவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை.